பாண்டியில ஸ்கூபா கத்துக்க போறீங்களா, முதல்ல இன்ஸ்ட்ரக்டர பாருங்க

ஆபீஸ்ல, சொந்தத்துல, ஸ்கூல் பிரண்ட்ஸ்ல எல்லாருக்கும் ஒரே கேள்விதான், பாண்டியில எங்க கத்துக்கிட்ட, எந்த சென்டர் பெஸ்ட்னு. சென்டர் பேர சொல்லி பிரயோஜனம் இல்லங்க. இந்த தொழில்ல இன்ஸ்ட்ரக்டருங்க ஒரே எடத்துல நிக்கிறது கம்மி, ஒரு சீசன் பாண்டி, அடுத்த சீசன் அந்தமான், நடுவுல கர்நாடகாவுல முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவுனு சுத்திக்கிட்டே இருப்பாங்க, நீங்க ரிவ்யூல படிச்சு உருகுன ஆளு நீங்க போற நேரத்துல அங்க இருக்காரானே தெரியாது, அவருக்கு பதிலா போன மாசம் சேந்த ஒருத்தர் வந்து நிப்பாரு. போர்டு அதேதான், ஸ்டார் அதேதான், தண்ணிக்குள்ள உங்கள பாத்துக்கற ஆளு மட்டும் வேற. அதனால இது எனக்கு ஓபன் வாட்டர் கோர்ஸ் சொல்லிக்குடுத்த இன்ஸ்ட்ரக்டர் அண்ணன பத்தின ரிவ்யூ, அவர எப்படி தேடி புடிச்சேன்ங்கறதும் சேத்து.

இன்ஸ்டால ரீல்ஸ் போட்டு கூப்புடறாங்களே, அது முக்காவாசி ட்ரை டைவ். கோர்ஸ் கிடையாது. காலைல போவீங்க, கொஞ்ச நேரம் சொல்லிக்குடுப்பாங்க, கூட்டிட்டு போய் காட்டிட்டு ஏத்தி விட்டுருவாங்க, 12 மீட்டருக்கு கீழ கூட்டிட்டு போகக்கூடாது, அவ்ளோதான். ஓபன் வாட்டர்ங்கறது தனி. தியரி, குளத்துல 5 செஷன், கடல்ல 4 டைவ், 50 கேள்வி பரீட்சை, அதுல 75 சதவீதம் எடுக்கணும், எல்லாம் முடிஞ்சா 18 மீட்டர் வரைக்கும் ஒரு ஜோடியோட நீங்களே இறங்கலாம்னு உலகம் பூரா செல்லுற கார்டு குடுப்பாங்க. கார்டு குடுக்கற ஏஜென்சி பேடியா எஸ்எஸ்ஐயானு மண்டைய ஒடைச்சிக்காதீங்க, ரெண்டும் எல்லா ஊர்லயும் செல்லும், பேடி 1966ல ஆரம்பிச்சது, எஸ்எஸ்ஐ 1970, பிகினருக்கு அதுக்கு மேல வித்தியாசம் தெரியப்போறதில்ல.

கோர்ஸுக்கு முன்னாடி நானும் தம்பியும் வேற ஒரு எடத்துல ட்ரை டைவ் பண்ணோம், பேரு வேண்டாம். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு அஞ்சு பேரு. பேடி ரூல்படி பாத்தா கடல்ல ட்ரை டைவ்க்கு ஒருத்தருக்கு நாலு பேர்தான் அதிகபட்சம், அது எனக்கு அப்ப தெரியாது, பின்னாடி படிச்சு தெரிஞ்சிக்கிட்டது. இறங்குனதும் காது கிழியற மாதிரி வலி, கைய ஆட்டி காதுல வெச்சு காட்டறேன், அவரு ஓகேனு ஒரு சைகை காட்டிட்டு டேங்க்க புடிச்சு இன்னும் கீழ எறக்குறாரு. அந்த வீடியோல நான் கண்ண சுருக்கி சிரிக்கிற மாதிரியே இருக்கும், சொந்தத்துல எல்லாரும் லைக் போட்டாங்க, அது சிரிப்பே இல்ல. மேல வந்தப்புறம் பல நாளைக்கு ஒரு காது அடைச்சே கெடந்துச்சு, இஎன்டி டாக்டர் நல்லா திட்டுனாரு.

இங்க காது விஷயம் ஒண்ணு சொல்லிக்கறேன், ஏன்னா இன்ஸ்ட்ரக்டர எடை போடறதுக்கு இதுதான் முதல் அளவுகோல். தரையில இருக்கற பிரஷர் 10 மீட்டர் எறங்குனதுமே டபுள் ஆயிடுது, அதாவது பெரிய மாற்றம் பூரா மேல்மட்டத்துலயேதான், முதல் சில மீட்டர்லதான் காது படாத பாடு படும். அதுக்கு மூக்க புடிச்சிக்கிட்டு மெதுவா ஊதி காதுக்குள்ள காத்த அனுப்பணும், வலி வர்றதுக்கு முன்னாடியே, எறங்க எறங்க திரும்ப திரும்ப. வலிச்சா கொஞ்சம் மேல ஏறி மறுபடி ட்ரை பண்ணணும், அப்பவும் தொறக்கலன்னா அன்னைக்கு டைவ் அவ்ளோதான். சளி புடிச்சிருந்தா எறங்கவே கூடாது. இத கரையிலயே சொல்லாத ஆளு, சொல்லிட்டு தண்ணிக்குள்ள உங்க வேகத்துக்கு நிக்காத ஆளு, ரெண்டு பேரும் வேண்டாம்.

சரி, தேடுன கதைக்கு வரேன். அம்மாவுக்கு சுத்தமா இஷ்டம் இல்ல. "சுனாமி பாத்த ஊருடி இது, இருக்கறவங்களே கடல பாத்து பயப்படறாங்க, நீ காசு குடுத்து உள்ள போறியா"னு ஒரே சண்டை. எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல 2004ல என்ன நடந்துச்சுனு நேர்ல பாத்தவங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது. அதனால ரேட்டு விசாரிக்கிறத விட சேப்டி விசாரிக்கிறதுதான் எனக்கு முதல் வேலையா போச்சு, அதுவே நல்லதா முடிஞ்சுது.

போன் பண்ணி எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டேன். எனக்கு சொல்லிக்குடுக்கப்போற இன்ஸ்ட்ரக்டர் யாரு, அவரோட இன்ஸ்ட்ரக்டர் நம்பர் என்ன, என்கூட எத்தன ஸ்டூடண்ட், குளம் எங்க, போட்ல அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கா, நாங்க கீழ இருக்கும்போது போட்ல யாரு இருப்பா, ஏதாவது ஆச்சுன்னா எந்த ஆஸ்பத்திரி. நம்பர் குடுத்தா அந்த ஏஜென்சி வெப்சைட்ல போட்டு பாக்கலாம், அவருக்கு இப்ப சொல்லிக்குடுக்க அனுமதி இருக்கா, வருஷா வருஷம் புதுப்பிச்சிருக்காரானு தெரிஞ்சிரும், பேடி சைட்லயே அதுக்கு தனியா ஒரு பக்கம் இருக்கு. டைவ்மாஸ்டர் வேற, இன்ஸ்ட்ரக்டர் வேற, டைவ்மாஸ்டர் கூட வந்து உதவி பண்ணலாம், கார்டு இருக்கறவங்கள கூட்டிட்டு போலாம், ஆனா ஓபன் வாட்டர் கோர்ஸ அவரே தனியா நடத்தி கார்டு குடுக்க முடியாது. ஒருத்தரு "மேடம் நம்பர் எதுக்கு, நம்ம பசங்க எல்லாம் கடல்லயே பொறந்து வளந்தவங்க"னு சிரிச்சாரு. கடல்ல பொறந்தவங்க மேல மரியாதை உண்டு, ஆனா அது என் கேள்விக்கு பதில் இல்லயே.

இன்னொரு எடத்துல மெடிக்கல் பார்ம்ம வாட்ஸ்அப்ல அனுப்பி கூடவே "எல்லாத்துலயும் நோ போட்டு அனுப்புங்க"னு மெசேஜ். அத பாத்ததும் அந்த சாட்ட டெலிட் பண்ணிட்டேன். அந்த பார்ம் சடங்கு இல்லங்க. ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது ஆபரேஷன், நெஞ்சுல ஏதாவது பிரச்சனைனு கேட்டிருப்பாங்க, எதுக்காவது ஆமா வந்தா டாக்டர் பாத்து கையெழுத்து போடணும், கர்ப்பமா இருந்தா டைவே கூடாது.

இதுலதான் எங்க அண்ணன் (பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு, அதனால அண்ணன்னே சொல்றேன்) மத்தவங்கள விட்டு தனியா நின்னாரு. தம்பிக்கு சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப பல வருஷமா ஒண்ணும் இல்ல. அவன் பார்ம்ல நோ போட்டுட்டான். அண்ணன் பார்ம்ம வாங்கி வெச்சிக்கிட்டு சும்மா பேச்சு குடுக்கற மாதிரி "சின்ன வயசுல இன்ஹேலர் ஏதாவது அடிச்சிருக்கியா தம்பி"னு கேட்டாரு, இவனும் வெள்ளந்தியா ஆமாண்ணானு சொல்லிட்டான். பேனாவ மூடிட்டாரு. நுரையீரல் டாக்டர பாத்து லெட்டர் வாங்கிட்டு வா, அதுவரைக்கும் அக்காவுக்கு மட்டும் கிளாஸ்னு சொல்லிட்டாரு. ஏன் அவ்ளோ கறார்னு கேட்டதுக்கு சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, 10 மீட்டர் ஆழத்துல நெஞ்சு நெறைய இழுத்த காத்து மேல வரும்போது ரெண்டு மடங்கா விரியும், வெளிய போக வழி இருந்தா ஒண்ணும் இல்ல, குழாய் சுருங்கி ஒரு மூலையில மாட்டிக்கிட்டா நுரையீரல் கிழிஞ்சிரும்னு. டைவிங்ல முதல் ரூலே மூச்ச அடக்கக்கூடாதுங்கறது இதனாலதான். தம்பி டெஸ்ட் எல்லாம் எடுத்து லெட்டரோட அடுத்த பேட்ச்ல சேந்தான், அவனுக்கு கொஞ்சம் கோவம்தான், அம்மாவுக்குதான் அண்ணன் மேல திடீர்னு மரியாதை வந்துருச்சு.

குளத்து கிளாஸ் பத்தி நெறைய சொல்லணும். நீச்சல் தெரியணுமானு எல்லாரும் கேக்கறாங்க. ட்ரை டைவ்க்கு வேணாம், கோர்ஸுக்கு வேணும், 200 மீட்டர் நிக்காம நீந்தணும், டைம் லிமிட் கிடையாது, அப்புறம் 10 நிமிஷம் மெதக்கணும். நான் கடலூர் ஸ்டேடியம் குளத்துல முன்னாடியே பழகிட்டுதான் போனேன், அதனால அது பாஸ். சிக்குனது மாஸ்க்ல. மாஸ்க்குக்குள்ள தண்ணி விட்டு, மூக்கால ஊதி அந்த தண்ணிய வெளிய தள்ளணும், அப்புறம் மாஸ்க்க முழுசாவே கழட்டி திரும்ப மாட்டணும். கேக்க ஈசி. மூக்குல தண்ணி ஏறுன அந்த செகண்ட்ல மூளை என்ன சொல்லுதுனா, எந்திரி, ஓடு. வாய்ல ரெகுலேட்டர் இருக்கு, காத்து வந்துக்கிட்டே இருக்கு, ஆனாலும் ஒடம்பு நம்பாது. நான் ஒவ்வொரு தடவையும் பொசுக்குனு எந்திரிச்சு நின்னேன், இடுப்பளவு தண்ணிதான் அது.

அண்ணன் ஒரு தடவ கூட "இவ்ளோதான் மேடம், ஈசி"னு சொல்லல. மாஸ்க்க கழட்டி ஓரமா வெச்சிட்டு, மாஸ்க் இல்லாம வெறும் ரெகுலேட்டரோட மொகத்த தண்ணிக்குள்ள வெச்சு சும்மா மூச்சு விட சொன்னாரு, அவ்ளோதான், வேற எதுவும் வேணாம்னாரு. "வாயால இழு, வாயால விடு, மூக்க மறந்துரும்மா." அவரும் பக்கத்துலயே மாஸ்க் இல்லாம மொகத்த உள்ள வெச்சிக்கிட்டு இருந்தாரு, கூட இருந்த ஐடி பையன் எல்லாம் முடிச்சிட்டு ஓரத்துல ஒக்காந்து போன் பாத்துக்கிட்டு இருந்தான், எனக்கு ஒரே வெக்கம். கொஞ்ச நேரத்துல மூக்கு ஓரமா குமிழி போறது கூசறதே பழகிப்போச்சு. அப்புறம் கால்வாசி தண்ணி, பாதி தண்ணி, முழுசுனு ஏத்திக்கிட்டே போனாரு. அன்னைக்கு முடியலன்னதும் சாயங்காலம் மறுபடி வர சொன்னாரு, எக்ஸ்ட்ரா காசு கேக்கல. இத கடல்ல பாத்துக்கலாம்னு தள்ளி விடற ஆளுங்களும் இருக்காங்க, கடல்ல 10 மீட்டர்ல மாஸ்க்ல தண்ணி பூந்து நீங்க பயந்து மேல பாஞ்சா மூச்ச அடக்கிட்டுதான் பாய்வீங்க, அப்ப என்ன ஆகும்னு மேல எழுதியாச்சு. புக் பண்ணும்போதே கேளுங்க, எனக்கு ஒரு ஸ்கில் வரலன்னா என்ன பண்ணுவீங்கனு. பதில்லயே ஆளு தெரிஞ்சிருவாரு.

சொல்லிக்குடுக்கற பாஷையும் முக்கியம்ங்க. எனக்கு குடுத்த ஆன்லைன் தியரி பூரா இங்கிலீஷ், படிக்கலாம், ஆனா பயத்துல இருக்கும்போது தலையில ஏறறது தமிழ்தான். இன்னொன்னு, நம்மாளுங்களுக்கு தலைய ஆட்டற வியாதி. கீழ போய் ஓகேவானு கேட்டா சைடா ஆட்டறோம், அது ஆமாவா இல்லயானு கரையிலயே பாதி பேருக்கு புரியாது. "தலைய ஆட்டாதீங்க, கைய காட்டுங்க"னு முதல் நாள்லேந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. கட்டவெரல தூக்குனா சூப்பர்னு அர்த்தம் இல்ல, மேல போலாம்னு அர்த்தம், அந்த ஐடி பையன் மீன பாத்த சந்தோஷத்துல கட்டவெரல காட்ட, அண்ணன் உடனே எல்லாரையும் கூட்டிட்டு மேல வந்துட்டாரு. சைகை குடுத்தா கேள்வி கேக்காம ஏறணும்ங்கறது ரூல், அதுக்காக அவன அவரு திட்டவும் இல்ல.

கடலுக்கு தேங்காய்த்திட்டு துறைமுகத்துலேந்து காலைல போறோம். அன்னைக்கு சனிக்கெழம, வெளியூர்லேந்து ட்ரை டைவ்க்கு ரெண்டு பசங்க, நைட்டு பூரா பாண்டிய "என்ஜாய்" பண்ணிட்டு அப்படியே வந்துட்டாங்க, வாடையே அடிக்குது. அண்ணன் பக்கத்துல போய் பேசுனாரு, அவங்க "நேத்து போட்டதுண்ணா, இப்ப ஒண்ணுமில்ல, புல் பேமெண்ட் பண்ணியாச்சு"ங்கறாங்க. "பணம் வேணா திருப்பி குடுக்க சொல்றேன் தம்பி, போட்ல ஏத்த மாட்டேன்." அவ்ளோதான், குரலே ஒசத்தல. சென்டர் ஆளுக்கு மொகம் மாறுனத பாத்தேன். வீக்கெண்ட் கூட்டத்த நம்பி நடக்கற தொழில்ல இப்படி சொல்றது சாதாரணம் இல்ல. எனக்கு இவருகிட்ட புடிச்சதே இந்த வேணாம் சொல்ற குணம்தான், தம்பிகிட்ட சொன்னாரு, இந்த பசங்ககிட்ட சொன்னாரு, ஒரு நாள் மழைக்கப்புறம் ஆத்து தண்ணி எறங்கி கடலே செம்மண் கலர்ல இருக்குனு எங்களயும் போட்டு வரைக்கும் வர வெச்சிட்டு திருப்பி அனுப்புனாரு. பெங்களூர்லேந்து வந்த ஒரு ஜோடிகிட்ட எப்ப கெளம்பறீங்கனு கேட்டு, அன்னைக்கே கார் எடுக்காதீங்க, நாளைக்கு போங்கன்னாரு. பெங்களூரு கடல் மட்டத்துலேந்து 900 மீட்டருக்கு மேல, டைவ் முடிச்ச ஒடம்புல நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது உடனே மேட்டுக்கு ஏறக்கூடாது. பிளைட்னா பல டைவ் போட்டவங்க கொறஞ்சது 18 மணி நேரம் காத்திருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், கார்ல மலையேறறத யாரும் யோசிக்கிறதில்ல.

சாமான் செக் பண்றதையும் எங்களையே பண்ண வெச்சாரு. டேங்க் வால்வ தொறந்ததும் பிரஷர் மீட்டர் 200 பார் (காத்தோட அழுத்த அளவு) பக்கத்துல காட்டணும், ரெகுலேட்டர்ல நாலு மூச்சு இழுக்கும்போது முள்ளு ஆடக்கூடாது, காத்துல எண்ணெய் வாடையோ பொகை வாடையோ வரக்கூடாது. டேங்க்ல காத்து அடைக்கற கம்ப்ரஸர் எங்க இருக்குனு காட்டுங்கன்னு கேட்டா நல்ல சென்டர்ல காட்டுவாங்க, வண்டி பொகை, ஜெனரேட்டர் பொகை உள்ள போற எடத்துல அது இருந்தா அந்த காத்ததான் நீங்க கீழ சுவாசிக்கணும். அண்ணன் கால்ல எப்பவும் ஒரு சின்ன கத்தி இருக்கும். சுறாவுக்கானு கேட்டேன், சிரிச்சிட்டு வலைக்குன்னாரு. அறுந்து போன மீன் வலை கல்லுல சிக்கி கெடக்கும், தண்ணி கலங்கி இருந்தா கண்ணுக்கே தெரியாது. அவங்க அப்பா வலை போட்டவரு, இவரு வலை அறுக்கறாரு.

பாண்டி கடல் அந்தமான் இல்ல, அத எதிர்பாத்து போகாதீங்க. சில நாள் கைக்கு எட்டுன தூரம்தான் தெரியும், சில நாள் நல்லா தெளிஞ்சு கெடக்கும். நான் போனப்ப கீழ கல்லு ஓரமா களவா ஒண்ணு வாய தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு, பாரை மீன் கூட்டமா வந்து எங்கள சுத்திட்டு போச்சு, லயன் பிஷ்ஷ தொடாதீங்க, முள்ளுல விஷம்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு. டேங்க்ல 50 பார் மிச்சம் இருக்கும்போதே போட்ல இருக்கணும்ங்கறது அவரு கணக்கு, ஏறும்போது 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்க வெச்சாரு, அந்த 3 நிமிஷத்துல அலை மேல கீழ தூக்கும்போது ஒரே லெவல்ல நிக்கறதுதான் எனக்கு கோர்ஸ்லயே கஷ்டமான பரீட்சை.

பொண்ணுங்களுக்கு தனியா. ஸ்ட்ராப் டைட் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுதான் கைய வெச்சாரு, தண்ணிக்குள்ள எங்க புடிப்பேன், எதுக்கு புடிப்பேன்னு கரையிலயே காட்டிட்டாரு, டேங்க் வால்வும் கை முட்டியும்தான். இத சொல்லாத எடத்துல நீங்களே கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல. முடிய இறுக்கி பின்னிக்கோங்க, மாஸ்க் ஓரத்துல ஒரு முடி போனாலும் தண்ணி கசியும். காலைல சாம்பார் வடைனு கட்டாதீங்க, முகத்துவாரம் தாண்டும்போது போட் போடற ஆட்டத்துல எல்லாம் வெளிய வந்துரும். வாந்தி மாத்திரைனா தூக்கம் வராத வகையா டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

கொறையும் இருக்கு. போன் எடுக்கவே மாட்டாரு, பகல் பூரா கடல்ல, நைட்டு எட்டு மணிக்குள்ள தூங்கிருவாரு. தியரிய கொஞ்சம் வேகமா ஓட்டிட்டாரு, டைவ் டேபிள் (எவ்ளோ ஆழத்துல எவ்ளோ நேரம் இருக்கலாம்ங்கற அட்டவணை) பக்கம் நான் வீட்ல ஒக்காந்து நானேதான் படிச்சேன். அவரு வேலை பாக்கற சென்டர்ல பொண்ணுங்க சைஸ் வெட்சூட் ரெண்டு மூணுதான், ஒண்ணு முட்டிகிட்ட கிழிஞ்சது, டிரஸ் மாத்தற ரூம்ல தாப்பா சரியில்ல. போட்ல டாய்லெட் கிடையாது, போயிட்டு வர அரை நாள் ஆயிரும், இத யாருமே முன்னாடி சொல்ல மாட்டாங்க. போட்டோ வேணும்னா தனி காசு, ஆனா கோர்ஸ் டைவ்ல கேமராவே எடுக்க மாட்டேன்னுட்டாரு, ஸ்டூடண்ட பாக்கவா கேமராவ பாக்கவானு. அதனால நான் கடலுக்குள்ள போனதுக்கு என்கிட்ட கார்டு மட்டும்தான் ஆதாரம்.

ரேட்டு எனக்கு சொன்னது 24 ஆயிரத்துலேந்து 35 ஆயிரம் வரைக்கும். கம்மியா சொல்றவங்ககிட்ட சர்டிபிகேட் பீஸ், ஆன்லைன் தியரி, போட், சாமான் வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் சேத்தானு எழுதி வாங்குங்க, ஒருத்தரு 24 சொன்னது கூட்டிப்பாத்தா 33ல நின்னுச்சு. கடல் சரியில்லாம கேன்சல் ஆனா வேற நாள் தருவாங்களா, பணம் வருமானு அதையும் சேத்தே கேளுங்க. ஐப்பசி கார்த்திகைல புக் பண்ணாதீங்க, வடகிழக்கு பருவமழைல பாதி நாள் போட்டே போகாது. மாசிலேந்து போனா நல்லது. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் தேங்காய்த்திட்டுல வரிசையா கட்டி கெடக்கும், வெளிய போட் நடமாட்டம் கம்மி, பிகினருக்கு அதுவும் ஒரு நிம்மதி. கடலூர்லேந்து வர்றவங்க முதல் பஸ்ஸ நம்பாதீங்க, ஆறரைக்கெல்லாம் போட்ல ஏற சொல்லுவாங்க, முந்தின நாள் ராத்திரியே பாண்டியில தங்கிருங்க.